ஃபைபர் பிராக் கீற்றணி உணரிகள்: வடிவமைப்பு முதல் நம்பத்தகுந்த அளவீடு வரை

ஒளியிழையின் உள்ளகத்தில் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒளிவிலகல் எண்ணைச் சீரான இடைவெளியில் ஏற்றி இறக்கிப் பதித்துவிட்டால், அந்தப் பகுதி ஒரு குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு மற்ற ஒளியைக் கடந்து செல்ல விடும். இழை நீண்டாலோ சூடானாலோ திரும்பி வரும் அலைநீளம் இடம்பெயரும். ஃபைபர் பிராக் கீற்றணி உணரியின் இயக்கம் இவ்வளவுதான். ஆயினும் இத்துறையில் ஆய்வைத் தொடங்கும் ஒருவர் முதல் நாளிலிருந்தே மனத்தில் இருத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு: கருவி அளப்பது அலைநீளத்தை மட்டுமே. திரிபு (இழுபடும்போது நீளம் மாறும் விகிதம்), வெப்பநிலை, அழுத்தம், வாயுச் செறிவு ஆகிய அனைத்தும் அந்த ஓர் எண்ணிலிருந்து நாம் வருவித்துக்கொள்பவை. அந்த வருவித்தல் எந்த இடங்களில் தவறக்கூடும் என்பதை அறிந்து, அங்கெல்லாம் சோதனையைப் பலப்படுத்துவதே ஆய்வின் பெரும்பகுதி. ஆய்வகத்தில் முதல் கீற்றணியைக் கையில் எடுக்கும் முதுநிலை மாணவருக்கும், கட்டமைப்புக் கண்காணிப்புக்காக இந்த உணரிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளருக்கும் பயன்படும் வகையில், வேலை நடக்கும் வரிசையிலேயே இந்த வழிகாட்டி அமைக்கப்பட்டுள்ளது.

படி 1: அடிப்படை எண்களைக் கைவசப்படுத்துதல்

பிராக் அலைநீளம் = 2 × பயனுறு ஒளிவிலகல் எண் × கீற்றணியின் இடைவெளி. வழக்கமான ஒற்றைப்பாங்கு இழையில் பயனுறு ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.447. இடைவெளியை 535.6 நானோமீட்டராக வைத்தால் எதிரொளிப்பு 1550 நானோமீட்டரில் அமையும். இழையை இழுக்கும்போது இடைவெளி அதிகரிக்கிறது. அதே வேளையில் ஒளிமீள் விளைவால், அதாவது இழுபடுவதே ஒளிவிலகல் எண்ணை மாற்றும் விளைவால், அந்த எண் சற்றுக் குறைந்து, அந்த அதிகரிப்பில் ஒரு பங்கை ஈடுகட்டிவிடுகிறது. சிலிக்கா இழைக்கு இந்தக் குறைப்புக் குணகம் ஏறத்தாழ 0.22. ஆகவே அலைநீளத்தின் ஒப்பு மாற்றம் திரிபின் 0.78 மடங்காகிறது. 1550 நானோமீட்டரில் இதன் பொருள், ஒரு மைக்ரோ திரிபுக்கு (நீளத்தில் மில்லியனில் ஒரு பங்கு மாற்றத்துக்கு) ஏறத்தாழ 1.2 பிக்கோமீட்டர் நகர்வு என்பதாகும்.

வெப்பநிலையில் கதை வேறு. சிலிக்காவின் வெப்ப விரிவுக் குணகம் டிகிரிக்கு ஒரு மில்லியனில் 0.55 பங்கு மட்டுமே. நகர்வின் பெரும்பகுதி ஒளிவிலகல் எண் வெப்பநிலையுடன் மாறுவதால் வருகிறது. இரண்டும் சேர்ந்து, அறை வெப்பநிலையை ஒட்டி, ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர். அதாவது எதிலும் ஒட்டப்படாத இழையில் ஒரு டிகிரி வெப்பநிலை மாற்றம், சுமார் 8 மைக்ரோ திரிபைப் போலவே தோற்றமளிக்கும். வெப்பநிலை உணர்திறன் மாறிலி அல்ல என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும். மிகக் குளிர்ந்த நிலையில் அது வெகுவாகக் குறைகிறது. சில நூறு டிகிரிகளில் கூடுகிறது. அகன்ற வெப்பநிலை வீச்சில் நேர்கோட்டுப் பொருத்தம் போதாது. இருபடி அல்லது முப்படிக் கோவை தேவைப்படும்.

இந்த எண்கள் திட்டமிடலுக்கானவை. இறுதி முடிவைக் கணக்கிடுவதற்கு உரியவை அல்ல. இழையின் கலவை, மேற்பூச்சு, அலைநீளம் ஆகியவற்றைப் பொறுத்து அவை மாறும் என்பதால், நூலில் கண்ட குணகத்தைத் தன் உணரிக்கு அப்படியே எடுத்தாளும் ஆய்வேட்டை நான் தயக்கத்துடனேயே படிப்பேன்.

படி 2: கீற்றணி பதிக்கும் முறைகளின் வரலாற்றை அறிதல்

1978-ல் கனடாவின் ஒட்டாவாவில் உள்ள தகவல் தொடர்பு ஆராய்ச்சி மையத்தில் கென் ஹில்லும் அவருடைய குழுவினரும், ஜெர்மேனியம் கலந்த இழைக்குள் ஆர்கான் அயனி லேசரின் 488 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தியபோது, எதிரொளிப்பு மெல்ல மெல்லக் கூடுவதைக் கண்டனர். முன்னே செல்லும் ஒளியும் இழை முனையில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்து உண்டாக்கிய நிலையலை, இழையின் உள்ளகத்தில் நிலையாகப் பதிந்துவிட்டது. அந்தக் கீற்றணி, பதிக்கப் பயன்பட்ட அலைநீளத்தை மட்டுமே எதிரொளித்தது. எனவே உணரிகளுக்கு அதனால் பெரும்பயன் இல்லை.

1989-ல் மெல்ட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 244 நானோமீட்டர் புற ஊதா ஒளிக்கற்றைகள் இரண்டை இழையின் பக்கவாட்டிலிருந்து குறுக்கிடச் செய்து இந்தத் தடையை உடைத்தனர். கற்றைகளுக்கு இடையிலான கோணத்தை மாற்றினால் போதும், வேண்டிய அலைநீளத்தில் கீற்றணி அமைந்துவிடும். 1993-ல், நுண்பள்ளங்கள் செதுக்கிய தகட்டின் வழியே ஒளியைச் செலுத்திப் பதிக்கும் ஃபேஸ் மாஸ்க் முறையும், உயர் அழுத்த ஹைட்ரஜனை இழைக்குள் ஊறவிட்டு ஒளியுணர்திறனைப் பெருக்கும் முறையும் அறிமுகமாயின. இன்றைய பெரும்பாலான ஆய்வகங்கள் இந்த இரண்டின் மீதே நிற்கின்றன. இவற்றுடன் ஃபெம்டோ நொடி லேசரால் புள்ளி புள்ளியாகப் பதிக்கும் முறையும், இழை இழுக்கப்படும் கோபுரத்திலேயே மேற்பூச்சுக்கு முன் பதித்துவிடும் முறையும் இப்போது நன்கு வளர்ந்துள்ளன.

படி 3: அளவீட்டுத் தேவையை எழுதி வைத்தல்

கீற்றணியை வடிவமைக்கும் முன் ஐந்து எண்களைத் தாளில் எழுதிவிட வேண்டும்: அளக்க வேண்டிய மிகப் பெரிய மாற்றம், பிரித்தறிய வேண்டிய மிகச் சிறிய மாற்றம், நொடிக்கு எத்தனை அளவீடுகள், வெப்பநிலை வீச்சு, எத்தனை ஆண்டுகள் நம்ப வேண்டும் என்பது. கடைசி எண்ணைப் பலர் எழுதுவதில்லை. சில நிமிட அதிர்வுச் சோதனைக்கும் பத்தாண்டுப் பாலக் கண்காணிப்புக்கும் ஒரே உணரி பொருந்தாது. முன்னதில் இரைச்சல்தான் எதிரி, பின்னதில் பசையின் நழுவலும் கீற்றணியின் மெதுவான மங்கலும் எதிரிகள்.

படி 4: கீற்றணியின் நீளமும் வலிமையும்

சீரான கீற்றணியின் உச்ச எதிரொளிப்பு, இணைப்புக் குணகத்தையும் நீளத்தையும் பெருக்கி வரும் எண்ணின் அதிபரவளையத் தொடுகோட்டுச் சார்பின் வர்க்கமாகும். இணைப்புக் குணகம் என்பது ஒளிவிலகல் எண்ணின் ஏற்ற இறக்க அளவை π (பை) என்ற மாறிலியால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் கிடைப்பது; உள்ளகத்தில் ஒளியின் எத்தனை பங்கு அடங்கியிருக்கிறது என்ற காரணியும் அதில் சேரும். ஏற்ற இறக்கம் 0.0001, நீளம் 10 மில்லிமீட்டர் என்று கொண்டு, அந்தப் பங்கை 1 என்று வைத்தால், எதிரொளிப்பு ஏறத்தாழ 93 விழுக்காடு. இதே கீற்றணியின் முதல் இரு சுழிகளுக்கு இடையிலான நிறமாலை அகலம் சுமார் 0.2 நானோமீட்டர்.

எதிரொளிப்பை 99 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோவது உணரிக்கு நன்மை தருவதில்லை. வலிமை மிகும்போது உச்சி தட்டையாகிறது, பட்டை அகல்கிறது, உச்சத்தின் இடத்தைத் துல்லியமாகக் கண்டறிவது கடினமாகிறது. ஒரே இழையில் பல கீற்றணிகளைக் கோக்கும்போது இன்னும் குறைந்த எதிரொளிப்பே போதும். நீளத்தைப் பொறுத்தவரை எதிரெதிரான இரு தேவைகள் உள்ளன. நீண்ட கீற்றணி குறுகிய பட்டையைத் தரும். ஆனால் அந்த நீளம் முழுவதும் திரிபு ஒரே அளவாக இருக்க வேண்டும். துளை ஓரம், விரிசல் முனை போன்று திரிபு வேகமாக மாறும் இடங்களில் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள கீற்றணியைத் தேர்ந்தெடுத்து, பட்டை அகல்வதை ஏற்றுக்கொள்வதே முறை.

சீரான கீற்றணியின் நிறமாலையில் முதன்மை உச்சத்தின் இரு புறமும் துணை உச்சங்கள் எழும். அருகிலுள்ள மற்றொரு கீற்றணியின் எல்லைக்குள் இவை நுழைந்தால் உச்சம் தேடும் நிரல் குழம்பிவிடும். இதைத் தவிர்க்க, ஒளிவிலகல் எண்ணின் ஏற்ற இறக்கத்தை இரு முனைகளிலும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அப்போடைசேஷன் எனப்படுவது இதுதான். ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும்போது சராசரி ஒளிவிலகல் எண்ணை நீளம் முழுவதும் மாறாமல் வைத்திருக்க வேண்டும். இல்லையெனில் குறு அலைநீளப் பக்கத்தில் புதிய துணை உச்சங்கள் தோன்றும்.

படி 5: கீற்றணியைப் பதித்தல்

ஆயத்தமாக விற்கப்படும் கீற்றணிகளை வாங்கியே நல்ல ஆய்வு செய்யலாம். ஆயினும் ஒரு முறையேனும் பதிக்கும் பணியை நேரில் செய்து பார்ப்பது, பின்னாளில் நிறமாலையில் தோன்றும் விசித்திரங்களைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும்.

சாதாரணத் தொலைத்தொடர்பு இழையில் ஜெர்மேனியம் குறைவு. எனவே ஒளியுணர்திறனும் குறைவு. அதை உயர்த்த, 100 பார் அல்லது அதற்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஹைட்ரஜன் நிரம்பிய கலத்தில் இழையை அறை வெப்பநிலையில் ஏறத்தாழ இரண்டு வாரம் வைக்கின்றனர். கலத்தைச் சூடாக்கினால் காலம் குறையும். ஹைட்ரஜன் எளிதில் வெடிக்கக்கூடிய வாயு என்பதால், கசிவு உணரியும் காற்றோட்டமும் அழுத்தச் சான்று பெற்ற கலமும் இல்லாத இடத்தில் இதை முயலக் கூடாது. வெளியே எடுத்த இழையிலிருந்து ஹைட்ரஜன் கசிந்துகொண்டே இருக்கும். உடனே பயன்படுத்தாவிட்டால் ஆழ்குளிர்ப் பெட்டியில் வைக்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஜெர்மேனியம் மிகுந்த அல்லது போரானும் சேர்ந்த ஒளியுணர் இழையை வாங்கலாம்.

அக்ரிலேட் மேற்பூச்சு புற ஊதா ஒளியை உட்கவர்ந்துவிடும். ஆகையால் பதிக்க வேண்டிய பகுதியில் அதை நீக்கியாக வேண்டும். உரிக்கும் கருவியின் கத்தி கண்ணாடியைத் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, இழையின் இழுவலிமை பெருமளவு சரியும். வேதிக் கரைப்பானால் மேற்பூச்சை ஊறவைத்து நீக்குவது நல்லது. வெற்றுக் கண்ணாடியை அதன்பின் விரலால் தொடவே கூடாது.

ஃபேஸ் மாஸ்க் என்பது புற ஊதா ஒளியைக் கடத்தும் சிலிக்காத் தகட்டில் நுண்ணிய பள்ளங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்ட பொருள். அதன் வழியே செல்லும் ஒளி முக்கியமாக முதல் வரிசையின் இரு கற்றைகளாகப் பிரிந்து, தகட்டின் பின்னால் குறுக்கீட்டு வரிகளை உண்டாக்குகிறது. அந்த வரிகளின் இடைவெளி, மாஸ்க்கின் இடைவெளியில் சரிபாதி, 535.6 நானோமீட்டர் வேண்டுமென்றால் மாஸ்க் சுமார் 1071 நானோமீட்டரில் இருக்க வேண்டும். நேர்வழியில் செல்லும் சுழி வரிசைக் கற்றை சில விழுக்காட்டுக்குள் அடக்கப்பட்டிருப்பது அவசியம். இழை மாஸ்க்குக்கு மிக அருகில், அதைத் தொடாமல், வரிகளுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் ஒளியின் ஒரு பகுதி உள்ளகத்தைச் சூழ்ந்த உறைப்பகுதிக்குள் சிதறி, பிராக் உச்சத்தைவிடக் குறைந்த அலைநீளங்களில் பள்ளங்களாகக் கடத்தல் நிறமாலையில் தெரியும்.

பதிக்கும்போது கடத்தல் நிறமாலையைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். எதிரொளிப்பை மட்டும் பார்ப்பவர் உண்மையான வலிமையை அறிய முடியாது. கடத்தலில் விழும் பள்ளத்தின் ஆழமே அதைச் சொல்லும். 10 டெசிபெல் பள்ளம் 90 விழுக்காட்டு எதிரொளிப்பைக் குறிக்கும். இழையின் இழுவிசையையும் பதிவேட்டில் எழுத வேண்டும், ஏனெனில் இழுவிசையில் பதித்த கீற்றணி விடுவிக்கப்பட்டதும் குறைந்த அலைநீளத்துக்கு வந்துவிடும்.

பதித்த கீற்றணியைச் சூடேற்றிப் பதப்படுத்தாமல் பயன்படுத்துவது, என் கருத்தில், இத்துறையின் மிக மலிவான தவிர்க்கக்கூடிய தவறு. புற ஊதா ஒளி உண்டாக்கிய மாற்றங்களில் ஒரு பகுதி நிலையற்றது. அது அறை வெப்பநிலையிலேயே மாதக்கணக்கில் கரைந்துகொண்டிருக்கும். ஹைட்ரஜன் ஊறிய இழையில் மிச்ச வாயு வெளியேறும்போதும் உச்சம் கணிசமாக இடம்பெயரும். உணரி சந்திக்கப்போகும் உச்ச வெப்பநிலையைவிடத் தெளிவாக உயர்ந்த வெப்பநிலையில் பல மணி நேரம் வைத்தால், நிலையற்ற பகுதி முன்கூட்டியே நீங்கிவிடும், எஞ்சுவது நிலைத்திருக்கும். 80 டிகிரி வரை பயன்படும் உணரியை 150 டிகிரிக்கு மேல் பதப்படுத்துவது வழக்கம். வழக்கமான முதல் வகைக் கீற்றணியை 300 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் நம்ப முடியாது. அதற்கு மேற்பட்ட வெப்பத்துக்கு ஃபெம்டோ நொடி லேசரால் கண்ணாடியின் அமைப்பையே மாற்றிப் பதித்த இரண்டாம் வகைக் கீற்றணியோ, சூட்டில் அழித்து மீண்டும் எழச்செய்த மறுபிறப்புக் கீற்றணியோ தேவை.

படி 6: அலைநீளத்தைப் படிக்கும் கருவி

அகன்ற பட்டை ஒளிமூலம், திரும்பி வரும் ஒளியைத் தனி வழியில் பிரித்தனுப்பும் சர்குலேட்டர், நிறமாலைப் பகுப்பாய்வி ஆகிய மூன்றும் இருந்தால் ஆய்வகத்தில் தொடங்கிவிடலாம். நிறமாலையின் முழு வடிவத்தையும் காண முடிவது இதன் பெரும் நன்மை. வேகக் குறைவு இதன் குறை. கள அளவீடுகளுக்குப் பயன்படும் இன்ட்டராகேட்டர்கள் (கீற்றணியின் அலைநீளத்தைப் படிக்கும் கருவிகள்) பெரும்பாலும் இரு வகை: அலைநீளத்தை வரிசையாக வருடிச் செல்லும் லேசர் கொண்டவை, ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் விரவல் கீற்றணியும் ஒளியுணர் வரிசையும் கொண்டு எல்லா அலைநீளங்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்பவை. முன்னது திறன் மிகுந்தது, நெடுந்தொலைவு இழைக்கு ஏற்றது. பின்னது உறுதியானது, விரைவானது.

வருடும் லேசரில் கவனிக்காமல் விடப்படும் பிழை ஒன்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். 1 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீற்றணிக்கு ஒளி போய்த் திரும்ப ஏறத்தாழ 9.8 மைக்ரோ நொடி ஆகும். 40 நானோமீட்டர் வீச்சை ஒரு மில்லி நொடியில் வருடும் கருவியில், அந்த இடைவேளையில் லேசர் சுமார் 390 பிக்கோமீட்டர் முன்னே சென்றுவிடும். இது 300 மைக்ரோ திரிபுக்கும் மேற்பட்ட போலி நகர்வு. தொலைவு மாறாத வரை இது நிலையான விலகல்தான் என்றாலும், வருடும் வேகத்தை மாற்றினாலோ இழையை நீட்டித்தாலோ எண்கள் துள்ளிவிடும். முன்னும் பின்னுமாக இரு திசைகளிலும் வருடிச் சராசரி எடுப்பது இதற்கு ஒரு தீர்வு. அலைநீள அளவுகோலை நிலைநிறுத்த, அசெட்டிலீன் போன்ற வாயு நிரம்பிய கலத்தின் உட்கவர் வரிகளை ஒப்பீடாகக் கொள்வது நெடுங்கால அளவீட்டுக்கு இன்றியமையாதது.

ஒரே இழையில் எத்தனை உணரிகளைக் கோக்கலாம் என்ற கேள்விக்கு விளம்பரத் தாள்கள் பெரிய எண்களைத் தரும். கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். 1525 முதல் 1565 நானோமீட்டர் வரை 40 நானோமீட்டர் கிடைக்கிறது. எஃகில் ஒட்டிய உணரி, இரு பக்கமும் 1000 மைக்ரோ திரிபு வரை போகும் என்றால் 2.4 நானோமீட்டர். 60 டிகிரி வெப்பநிலை வீச்சுக்கு இன்னொரு 1.4 நானோமீட்டர், ஒட்டிய நிலையில் வெப்ப உணர்திறன் ஏன் கூடுகிறது என்பது படி 9-ல் வரும். பதிக்கும்போது நேரும் விலகலுக்கும் பாதுகாப்பு இடைவெளிக்கும் பட்டையின் அகலத்துக்குமாக 1.2 நானோமீட்டர். ஆக ஓர் உணரிக்கு 5 நானோமீட்டர்; ஓர் இழைக்கு எட்டு உணரிகள். வெப்பநிலையை மட்டும் அளப்பதென்றால் இந்த எண்ணிக்கை பல மடங்காகும்.

படி 7: பொருளுடன் இணைத்தல்

திரிபு அளவீட்டில் மிக அதிக ஐயப்பாடு புகும் இடம் இது; அதற்கு ஏற்ற நேரத்தை ஒதுக்க வேண்டும். கட்டமைப்பின் திரிபு பசை வழியாக மேற்பூச்சுக்கும், மேற்பூச்சு வழியாகக் கண்ணாடிக்கும், கண்ணாடி வழியாக உள்ளகத்துக்கும் கடத்தப்படுகிறது. மென்மையான அக்ரிலேட் பூச்சும் தடித்த பசைப்படலமும் இந்தக் கடத்தலைக் குறைக்கும். ஒட்டிய நீளத்தின் இரு முனைகளில் குறைவு மிகுதியாகவும் நடுவில் சொற்பமாகவும் இருக்கும். எனவே கீற்றணியின் நீளத்தைப் போல் சில மடங்கு நீளத்துக்கு இழையை ஒட்டி, கீற்றணியைச் சரியாக நடுவில் அமைக்க வேண்டும். பாலிஇமைடு பூச்சு விறைப்பானது, மெல்லியது. திரிபைக் கிட்டத்தட்ட முழுமையாகக் கடத்தும்.

பரப்பை மெருகேற்றித் துடைத்த பிறகு, இழையைச் சிறிது இழுவிசையில் நேராக நிறுத்தி ஒட்ட வேண்டும். அமுக்கத் திரிபை எதிர்பார்க்கும் இடத்தில் இந்த முன் இழுவிசை மிகவும் அவசியம். பசை இறுகும் வரை நிறமாலையைப் பதிவு செய்துகொண்டே இருங்கள். உச்சம் பிளவுபட்டால், பசை சுருங்கி இழையைப் பக்கவாட்டில் அழுத்துகிறது என்று பொருள். அந்த அழுத்தத்தால் உண்டாகும் இரட்டை விலகல், இரு தளவிளைவுத் திசைகளுக்கு (ஒளியலை அதிரும் திசைகளுக்கு) இரு வேறு பிராக் அலைநீளங்களைத் தரும். ஒளிவிலகல் எண்ணில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தால்கூட 11 பிக்கோமீட்டர் பிளவு, அதாவது ஏறத்தாழ 9 மைக்ரோ திரிபு. இந்தச் சிறு பிளவு தனி உச்சமாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இழை வளையும்போதெல்லாம் ஒளியின் தளவிளைவு மாறுவதால், எந்தச் சுமையும் இல்லாமலேயே அளவீடு அலைபாயும். உச்சம் பிளவுபடாமல் அகன்று சிதைந்தால், கீற்றணியின் நீளத்தில் திரிபு சீராக இல்லை. அந்த உணரியைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒட்டுவதே சரி. சிதைந்த நிறமாலையைக் கணக்கால் சரிசெய்ய முயல்வது நேர விரயம்.

கான்கிரீட்டில் நிலைமை மாறுபடும். சரளைக் கற்களும் நுண் விரிசல்களும் நிறைந்த அந்தப் பொருளில் 10 மில்லிமீட்டர் நீளத்தில் அளந்த திரிபுக்குப் பெரிதாகப் பொருளில்லை. இரு நங்கூரப் புள்ளிகளுக்கு இடையே இழையை இழுத்து நிறுத்தி, கல்லின் அளவைப் போல் பல மடங்கு நீளத்தின் சராசரித் திரிபை அளக்கும் நீள்அளவி வகையே அங்கு பொருந்தும்.

படி 8: அளவுத்திருத்தம்

ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்ட விட்டம் (உத்திரம் போல் நீட்டி நிற்கும் தகடு) எளிய சோதனை அமைப்பு. மறுமுனையைத் தெரிந்த அளவு தாழ்த்தினால், பிடிப்பிலிருந்து ஒரு தொலைவில் மேற்பரப்புத் திரிபு = 3 × தடிப்பு × தாழ்வு × (விட்ட நீளம் − அந்தத் தொலைவு) ÷ (2 × விட்ட நீளத்தின் முப்படி). விட்ட நீளம் 200, தடிப்பு 2, தாழ்வு 10, தொலைவு 20 மில்லிமீட்டர் எனில் திரிபு 675 மைக்ரோ திரிபு. அலைநீளம் ஏறத்தாழ 0.81 நானோமீட்டர் நகர வேண்டும்.

அளந்து பார்த்தால் இதைவிட அதிகமாக வருவதைப் பலர் கண்டு குழம்புவர். காரணம் வடிவியல்தான். 125 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இழையின் உள்ளகம், தகட்டின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 62.5 மைக்ரோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2 மில்லிமீட்டர் தகட்டில் நடுத்தளத்திலிருந்து மேற்பரப்பு 1 மில்லிமீட்டர் தொலைவில் இருப்பதால், உள்ளகம் உணரும் வளைவுத் திரிபு 6 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடுகிறது. மேற்பூச்சையும் பசையையும் சேர்த்தால் இன்னும் கூடும். மெல்லிய தகடுகளில் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் உணர்திறன் எண்ணை வெளியிடக் கூடாது.

சுமையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் தனித்தனியாகப் பதிவு செய்து, பல சுற்றுகள் திரும்பச் செய்ய வேண்டும். ஏற்றக் கோடும் இறக்கக் கோடும் பிரிந்து நின்றால், குற்றம் பெரும்பாலும் பசையினுடையது. கண்ணாடி அறை வெப்பநிலையில் கிட்டத்தட்ட முழு மீள்தன்மை கொண்டது.

படி 9: வெப்பநிலையைப் பிரித்தெடுத்தல்

மிகவும் பரவலான வழி, அதே இடத்தில் எதனுடனும் ஒட்டாத இன்னொரு கீற்றணியைத் தளர்வான சிறு குழாய்க்குள் வைத்து, வெப்பநிலையை மட்டும் உணரச் செய்வது. வழி எளியது; ஆனால் அதன் நகர்வை ஒட்டிய கீற்றணியின் நகர்விலிருந்து நேரடியாகக் கழித்துவிட்டு, எஞ்சியதைச் சுமையின் விளைவு என்று எழுதுவது தவறு. எஃகில் ஒட்டிய கீற்றணி, எஃகு விரியும்போது தானும் இழுபடுகிறது. எஃகின் விரிவுக் குணகம் ஒரு மில்லியனில் 12 பங்கு என்று கொண்டால், ஒட்டிய கீற்றணியின் வெப்ப உணர்திறன் டிகிரிக்கு 10 பிக்கோமீட்டர் அல்ல, ஏறத்தாழ 24 பிக்கோமீட்டர். அலுமினியத்தில் ஏறத்தாழ 37. தளர்வான கீற்றணியின் 10-ஐக் கழித்த பிறகும், எஃகில் டிகிரிக்கு 11 மைக்ரோ திரிபுக்கு மேல் எஞ்சும். அது பொய்யான எண் அல்ல. எஃகின் உண்மையான வெப்ப விரிவே அது. ஆனால் தகைவை (பொருளுக்குள் எழும் விசையின் அழுத்தத்தை) உண்டாக்கும் திரிபு அன்று. ஆய்வாளர் தேடுவது மொத்தத் திரிபா, தகைவு சார்ந்த திரிபா என்பதை முதலிலேயே முடிவு செய்து, பின்னதென்றால் பொருளின் விரிவுக் குணகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெயிலில் நிற்கும் பாலத்தில் ஒரு நாளின் 20 டிகிரி மாற்றம், ஒரு வாகனம் உண்டாக்கும் திரிபைவிடப் பெரிய எண்ணைத் தந்துவிடும் என்பதால் இந்தப் பிரிவினை விருப்பத்துக்கு விடப்பட்டதன்று.

இரு வேறு உணர்திறன் கொண்ட கீற்றணிகளை ஒரே இடத்தில் வைத்து, இரு சமன்பாடுகளைத் தீர்ப்பது மற்றொரு வழி. இங்கே அணிக்கோவையின் மதிப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரே வகை இழையில் இரு அலைநீளங்களில் பதித்த கீற்றணிகளில், திரிபு உணர்திறனுக்கும் வெப்ப உணர்திறனுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அப்போது அணிக்கோவை சுழியை நெருங்கி, ஒரு பிக்கோமீட்டர் இரைச்சல்கூட பல மடங்காகப் பெருகிவிடும். வெவ்வேறு கலவையுள்ள இழைகளை இணைத்தல், நெடுங்கீற்றணி (இடைவெளி மிக அகன்ற கீற்றணி) ஒன்றைத் துணையாகச் சேர்த்தல், இரட்டை விலகல் இழையைப் பயன்படுத்தல் ஆகியவை விகிதத்தைப் பிரித்துக்காட்டும் முயற்சிகள். இத்தகைய புதிய அமைப்பை வெளியிடும்போது உணர்திறன் அணியை மட்டும் தராமல், ஒரு பிக்கோமீட்டர் பிழை எத்தனை மைக்ரோ திரிபாகவும் எத்தனை டிகிரியாகவும் மாறுகிறது என்பதையும் தந்தால்தான் அதன் மதிப்பை வாசகர் எடைபோட முடியும்.

படி 10: உச்சத்தைக் கண்டறிதல்

200 பிக்கோமீட்டர் அகலமுள்ள உச்சத்தின் இடத்தை 1 பிக்கோமீட்டருக்குள் சொல்ல வேண்டியிருக்கிறது. மிக உயர்ந்த புள்ளியைத் தேர்ந்தெடுப்பது இதற்குப் போதாது. ஈர்ப்பு மையக் கணக்கு விரைவானது, ஆனால் அடித்தள இரைச்சலும் துணை உச்சங்களும் அதை ஒரு பக்கம் இழுக்கும். வாசல் மதிப்பு ஒன்றை வைத்து, அதற்கு மேற்பட்ட புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மணி வடிவக் காஸ் வளைவைப் பொருத்துவது இரைச்சலை நன்றாகத் தாங்கும். சமச்சீரற்ற நிறமாலையில் எந்த முறையும் தன் விருப்பப்படி ஒரு விலகலைச் சேர்க்கும் என்பதால், ஒரு தொடர் அளவீட்டின் நடுவில் முறையை மாற்றக் கூடாது.

படி 11: பயன்பாட்டைத் தேர்ந்தெடுத்தல்

மின்காந்தக் குறுக்கீடு பாதிக்காமை, தீப்பொறி எழாமை, ஒரே இழையில் பல புள்ளிகள், நெடுந்தொலைவு ஆகிய நான்கில் ஒன்றேனும் உண்மையில் தேவைப்படும் இடமே இந்த உணரிக்கு உரிய இடம். மற்ற இடங்களில் மின்தடைத் திரிபுமானி மலிவாகவும் எளிதாகவும் அதே வேலையைச் செய்துவிடும்.

பாலங்களில் இதன் பயணம் 1993-ல் கனடாவின் கால்கரியில் உள்ள பெடிங்டன் டிரெயில் பாலத்தில் தொடங்கியது. கார்பன் இழைத் தசைநாண்கள் (கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கும் வடங்கள்) பயன்பட்ட அந்தப் பாலத்தில் கீற்றணி உணரிகள் பொருத்தப்பட்டன. ஹாங்காங்கின் சிங் மா தொங்குபாலத்திலும் இவை சோதிக்கப்பட்டன. விமானத் துறையில், 2008-ல் நாசா தன் இக்கானா ஆளில்லா விமானத்தின் இறக்கைகளில் இழைகளை ஒட்டி, பறக்கும்போதே இறக்கையின் வளைவை அளந்தது. கூட்டுப்பொருள் அடுக்குகளுக்குள் இழையைப் புதைக்க முடிவது வேறெந்தத் திரிபுமானிக்கும் எளிதில் கைகூடாத வாய்ப்பு. கூட்டுப்பொருளை வலுவூட்டும் நார்களுக்கு இணையாக இழையைப் புதைத்தால் பிசின் தேங்கும் குழிகள் உண்டாவதில்லை.

உயர் மின்னழுத்த மின்மாற்றிச் சுருள்களுக்குள் சூட்டை அளப்பது இயல்பாகவே பொருந்தும் பயன்பாடு. மருத்துவத்தில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளகங்கள் கொண்ட இழையின் திரிபு வேறுபாடுகளிலிருந்து ஊசி அல்லது வடிகுழாயின் வடிவத்தையே மீட்டெடுக்கின்றனர். அழுத்தத்தை அளப்பதில் வெற்று இழை பலவீனமானது. ஒரு மெகாபாஸ்கலுக்கு ஏறத்தாழ 3 பிக்கோமீட்டர் மட்டுமே நகரும். ஆகவே மெல்லிய சவ்வு ஒன்று அழுத்தத்தைத் திரிபாக மாற்றித் தர வேண்டும். வேதி உணர்தலும் இவ்வாறே: பல்லேடியம் ஹைட்ரஜனை உறிஞ்சி உப்புவதால், அதைப் பூசிய இழை இழுபடுகிறது. சுற்றியுள்ள திரவத்தின் ஒளிவிலகல் எண்ணை அறிய வேண்டுமென்றால், உள்ளகத்து ஒளி வெளியே எட்டிப் பார்க்கும் வரை உறைப்பகுதியை அமிலத்தால் அரித்தாக வேண்டும். அரித்த இழை மிக நொய்மையானது என்பதால், அதற்குப் பதிலாக, வரிகள் இழைக்குச் சாய்வாக அமைந்த சாய்ந்த கீற்றணியைப் பயன்படுத்தும் ஆய்வுகள் எனக்கு அதிக நம்பிக்கை தருகின்றன.

படி 12: முடிவுகளைப் பதிவு செய்தல்

திரிபு உணரிகளுக்குப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 61757-1-1 என்ற தரநிலை உள்ளது. வெப்பநிலை உணரிகளுக்கு 61757-2-1. சொற்களின் வரையறைக்கும் சோதனை முறைக்கும் இவற்றைப் பின்பற்றினால் ஓர் ஆய்வகத்தின் முடிவை இன்னோர் ஆய்வகம் ஒப்பிட முடியும். இழையின் வகை, கீற்றணியின் நீளம், பதித்த முறை, பதப்படுத்திய வெப்பநிலையும் நேரமும், பசையின் பெயரும் இறுகிய நிலைமையும், சுமையற்ற நிலையில் சில மணி நேரம் எடுத்த அலைநீளத்தின் திட்ட விலக்கம், ஏற்ற இறக்க வேறுபாடு ஆகிய அனைத்தும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். பிரிதிறன், துல்லியம் ஆகிய இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது. கருவி 1 பிக்கோமீட்டரைப் பிரித்தறிந்தாலும், பசையும் வெப்பத் திருத்தமும் சேர்ந்து பத்து மைக்ரோ திரிபு ஐயப்பாட்டைத் தரக்கூடும். அறிக்கையில் எழுத வேண்டியது பின்னதையே.

உச்சங்களின் பட்டியலை மட்டும் சேமிக்காமல், குறிப்பிட்ட இடைவெளியில் முழு நிறமாலையையும் சேமித்து வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து ஓர் உணரியின் எண் மெல்ல விலகத் தொடங்கும்போது, கட்டமைப்பு மாறுகிறதா, பசை நழுவுகிறதா, கீற்றணி மங்குகிறதா என்பதை உச்சத்தின் இடம் மட்டும் சொல்லாது. உச்சத்தின் உயரம் குறைந்திருக்கிறதா, பட்டை அகன்றிருக்கிறதா, இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்பதை ஒட்டிய நாளின் நிறமாலையுடன் வைத்து ஒப்பிட்டால்தான் அந்த மூன்றில் எது என்பதைத் தீர்மானிக்க முடியும்.